பதினான்காவது ஜாக்கெட்

மிரண்டா அக்கா முப்பத்தோரு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறார். முதல் பதினேழு வருஷம் தைத்தது புடவைக்குப் போடும் ஜாக்கெட். அதற்குப் பிறகு தைப்பதெல்லாம் உலைக்கு முன்னால் நிற்பவர்கள் போடும் ஜாக்கெட்.

சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்தில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் எட்டாம் மாடியில், என் வீட்டிலிருந்து மூன்று கதவு தள்ளி இருக்கிறார். அவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எழுதுறதா இருந்தா நான் செஞ்ச தப்பையும் சேத்து எழுதுங்க. அத விட்டுட்டு எழுதினா பொய் லா" என்றார். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அவர் கணவர் டெரன்ஸ், "அத எழுதினா மத்தது தானா வந்துரும்" என்றார். அவர் சொன்னது சரிதான்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் மிரண்டா அக்கா தையல் கற்றுக்கொண்டார். லிட்டில் இந்தியாவின் தேக்கா மார்க்கெட் மாடியில் ஒரு தையல்கடையில் வேலை. தீபாவளிக்கு முன் ஒரு மாதம் மதியச் சாப்பாட்டுக்குக் கூட எழுந்திருக்க முடியாது. கழுத்து இறக்கம், கை நீளம், முதுகில் கயிறு, உள்ளே லைனிங் என்று ஒவ்வொருத்தர் ஒவ்வொன்று கேட்பார்கள். ஆயிரக்கணக்கில் தைத்திருக்கிறார். "அப்பல்லாம் ஒரு தையல் விட்டுப்போச்சுன்னா கல்யாண வீட்டுல ஒருத்தவங்களுக்கு வெக்கமாப் போகும். அதான் பெரிய ஆபத்து" என்று சொல்லுவார்.

ஒருநாள் ரவூப் பாய் ஒரு மூட்டையோடு அந்தக் கடைக்கு வந்தார். ஜாலான் புசாரின் சந்து ஒன்றில் பாதுகாப்புச் சாமான் கடை வைத்திருப்பவர். ஹெல்மெட், பூட்ஸ், கையுறை, கயிறு எல்லாம் விற்பார். மூட்டைக்குள் இருந்தது தீயணைப்பு ஆட்கள் போடும் மாதிரியான ஒரு கனத்த கோட்டு. ஜிப் போய்விட்டது. ஏழெட்டுக் கடைகளில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மிரண்டா அக்கா வாங்கி எடை பார்த்தார், துணியை விரலால் நெருடிப் பார்த்தார், "நாளைக்கு வாங்க" என்றார். அந்த ஜிப்பை மாற்றுவதற்குள் நான்கு ஊசிகள் உடைந்தன. ஐந்தாவது ஊசியில் முடித்துவிட்டார்.

ரவூப் பாய் வந்து ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். "அக்கா, இந்த மாதிரி மாசத்துக்கு நூறு வருது எனக்கு. தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குறாங்க. நீங்க எங்கூட வேலைக்கு வர்றீங்களா?" என்று கேட்டார். மிரண்டா அக்கா அப்போதே சரி என்றார். ஏன் என்று நான் கேட்டேன். "நாலு ஊசி உடைஞ்சதுல எனக்கு ஒரு ரோஷம் வந்துருச்சு" என்றார்.

கடைக்கு மேல்மாடியில் இரண்டு தையல் மெஷின் போட்டுக் கொடுத்தார் ரவூப் பாய். முதல் வாரம் அக்கா எதையும் தைக்கவில்லை. கழித்துப்போட்ட கோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, தையல் தையலாகப் பிரித்து, மேசை முழுக்கப் பரப்பிவைத்தார். அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, அது ஒரு துணி இல்லை, நான்கு.

வெளியே இருந்தது நெசவு. பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிப் பின்னிய கெட்டித் துணி. முள்ளில் மாட்டினாலும் கிழிந்துகொண்டே போகாதபடி கட்டம் கட்டமாகக் கனமான நூல் ஓடியது. அதற்குள்ளே தண்ணீரை விடாமல் வேர்வையை மட்டும் வெளியே விடும் மெல்லிய தாள் போன்ற ஒன்று. மூன்றாவது ஃபெல்ட். அதில் நூலே கிடையாது. நார்களைக் குப்பையாகக் குவித்து, கொக்கியுள்ள ஊசிகளால் ஆயிரம் முறை குத்திக் குத்தி இறுக்கியது. கடைசியில் உடம்பில் படும் வழவழப்பான லைனிங். மணிக்கட்டில் மட்டும் ஸ்வெட்டர் போலப் பின்னிய பட்டை. நெசவு அங்கே உதவாது, கண்ணி கண்ணியாகப் பின்னியதுதான் இழுத்தால் விரிந்து, விட்டால் கையைப் பிடித்துக்கொள்ளும்.

நெசவையும் பின்னலையும் அக்காவுக்குப் பிடித்துப்போனது. ஃபெல்ட்டைப் பார்த்து மட்டும் முகம் சுளித்தார். "பாய், இது துணியே இல்ல. பஞ்சு மெத்தைய மிதிச்ச மாதிரி இருக்கு. இழுத்தா கையோட வருது" என்றார்.

"அதுக்குள்ள காத்து இருக்குக்கா. சூடு அங்கதான் நிக்கும்" என்றார் ரவூப் பாய்.

"சரி, நிக்கட்டும்" என்றார் அக்கா. ஆனாலும் தையல்காரருக்குத் தையலைப் பிடிக்காத துணி எப்படிப் பிடிக்கும்? பல வருஷம் அதை மனத்துக்குள் மட்டமாகத்தான் நினைத்திருந்தாராம்.

இந்த வேலையில் துணி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் நூல். சாதாரணப் பாலியெஸ்டர் நூல் பலமானதுதான், ஆனால் நெருப்பில் உருகிவிடும். உலைக்கு முன் நிற்பவர்களின் ஜாக்கெட்டுக்குத் தனி நூல் உண்டு. அராமிட் என்பார்கள். அது கருகும், ஆனால் உருகாது, சொட்டாது, விட்டுக்கொடுக்காது. வெட்டுவதற்கு மகா கஷ்டம். புதுக் கத்திரிக்கோலையும் இரண்டு மாதத்தில் மழுங்க அடித்துவிடும். மிரண்டா அக்கா அந்த நூலோடு தினமும் மல்லுக்கட்டிக்கொண்டு பதினோரு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தார்.

தப்பு நடந்தது மூன்று வருஷத்துக்கு முன், ஒரு நவம்பர் மாதம்.

துவாஸில் ஒரு வார்ப்பட ஆலை. கப்பல்களுக்கு வெண்கல புரொபெல்லர் வார்க்கிறார்கள். உருகிய வெண்கலத்தை அச்சில் ஊற்றும் ஆட்களுக்கான ஜாக்கெட் பதினான்கு, பழுதுபார்க்க வந்திருந்தன. முன்கையின் வெளித்துணி தேய்ந்திருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதுத்துண்டு வைத்துத் தைக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் வேண்டும் என்று அவசரம். அதே வாரம் ரவூப் பாய்க்குக் கருவிப் பைகள் தைக்கும் வேலையும் வந்திருந்தது. பைகளுக்குச் சாதாரண நூல். இரண்டு நூல்கண்டும் ஒரே கடுகு மஞ்சள் நிறம். இடம் போதவில்லை என்று இரண்டும் ஒரே தட்டில் இருந்தன.

வெள்ளிக்கிழமை மதியம் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கும்போது நூல் தீர்ந்தது. அக்கா கையை நீட்டித் தட்டிலிருந்து இன்னொரு கண்டை எடுத்து மாட்டினார். அன்று ஓடிய ஓட்டத்தில் அதற்குப் பிறகு நூலைக் கத்தரித்ததைக் கூட அவர் கவனிக்கவில்லை. சனிக்கிழமை காலை பதினான்கும் வேனில் ஏறிப் போய்விட்டன.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். மிரண்டா அக்கா வழக்கம்போல பிடோக் நார்த்தில் ரயில் ஏறி ஜாலான் புசாரில் இறங்கி, ஒரு காப்பியை வாங்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். மெஷினில் வெள்ளிக்கிழமை விட்ட நூல் அப்படியே கோத்திருந்தது. அடுத்த வேலைக்கு ஊசியை மாற்ற வேண்டும் என்று நூலைக் கத்தரித்தார். நறுக்கென்று ஒரே வெட்டில் நூல் துண்டானது.

"அந்தச் சத்தம் கேட்டதும் கத்திரிக்கோல அப்படியே கீழ வெச்சுட்டேன்" என்று அக்கா என்னிடம் சொன்னார். அந்த நூல் ஒரு நாளும் அப்படி வெட்டுப்பட்டதில்லை. கத்திரிக்கோலின் வாயில் வைத்து இரண்டு மூன்று தடவை நெரித்தால்தான் வரும்.

ஒரு சாண் நூலை இழுத்து லைட்டரில் காட்டினார். நூல் சுருண்டு, உருகி, நுனியில் கறுப்பு மணியாகத் திரண்டது.

மாடியில் வேறு யாரும் இல்லை. ரவூப் பாய் கீழே ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி மிரண்டா அக்கா எதையும் மறைக்காமல் சொன்னார். "யாருக்கும் தெரியாதுன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. வரலன்னு சொன்னா பொய். அடுத்த தடவ பழுதுக்கு வரும்போது பிரிச்சுட்டு மாத்தித் தைச்சுறலாம்னு கூட நெனச்சேன். அப்பறம் அந்தக் கை யாரு கையின்னு ஒரு நெனப்பு வந்துச்சு. அதுக்கு மேல உக்காந்திருக்க முடியல."

கறுப்பு மணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.

"பாய், சனிக்கிழமை போன துவாஸ் ஜாக்கெட்ல நான் தப்பு நூல் போட்டுட்டேன்."

ரவூப் பாய் அவர் கையைப் பார்த்தார். "எத்தனைல?"

"தெரியல பாய். எந்த ஜாக்கெட்டுல கண்டு மாத்தினேன்னு ஞாபகம் இல்ல."

ரவூப் பாய் ஒரு சொல் கூடத் திட்டவில்லை. வாடிக்கையாளரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினார். ஆலையின் பாதுகாப்பு அதிகாரி கவிப்ரியாவுக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. ஆலை அலுவலகத்துக்கு அடித்தார். கவிப்ரியா உலைக்கூடத்தில் இருக்கிறார், அங்கே போன் கொண்டுபோக அனுமதி இல்லை என்றார்கள். "யாராவது ஓடிப்போய்ச் சொல்லுங்க. எங்க கடையிலேர்ந்து வந்த ஜாக்கெட்ட யாரும் போடக் கூடாது. ஒண்ணு கூட" என்றார். போனை வைத்துவிட்டு ஷட்டரை இழுத்தார். "வேன்ல ஏறுங்கக்கா."

ஜாலான் புசாரிலிருந்து துவாஸுக்குப் போவதென்றால் தீவின் மேற்குக் கோடி வரை போக வேண்டும். விரைவுச்சாலையில் லாரிகள் முன்னால் ஊர்ந்தன. மிரண்டா அக்கா கைப்பையிலிருந்த ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த ரவூப் பாயின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன.

ஜூரோங்கைத் தாண்டும்போது போன் வந்தது. கவிப்ரியா. ரவூப் பாய் ஸ்பீக்கரில் போட்டார்.

"அங்கிள், மெசேஜ் கெடச்சுச்சு. ஸ்டோர்ல செக் பண்ணிட்டேன். பதிமூணு இருக்கு, லாக் பண்ணிட்டேன். ஒண்ணு மட்டும் காலையிலேயே இஷ்யூ பண்ணிட்டாங்க. ஆதவனுக்கு. எட்டரை மணிக்கு ஊத்தி முடிச்சுட்டாங்க."

"அந்தப் பையன்?" என்று மிரண்டா அக்கா குனிந்து போனுக்குள் கேட்டார்.

"கேண்டீன்ல இருக்கார் ஆன்ட்டி. ஓகேதான். நான் பார்த்தேன். ஆனா நீங்க வந்து ஜாக்கெட்ட பாருங்க."

ஆலையின் வாசலில் கவிப்ரியா காத்திருந்தார். முப்பது வயதுப் பெண், தலையில் வெள்ளை ஹெல்மெட். நேராகக் கேண்டீனுக்குக் கூட்டிப்போனார். ஒரு மேசையில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் காலைப் பசியாறிக்கொண்டிருந்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், ஆறு வருஷமாக அங்கே உலையில் வேலை. பக்கத்து நாற்காலியில் ஜாக்கெட் தொங்கியது.

மிரண்டா அக்கா ஆளைப் பார்ப்பதற்கு முன் இடது கையைப் பிடித்துத் தூக்கினார், ஜாக்கெட்டின் இடது கையை. முன்கையில் வெண்கலம் தெறித்து ஒட்டிக் காய்ந்திருந்தது, ஒரு வெள்ளி நாணயம் அளவுக்கு. அதை ஒட்டி ஓடிய தையல் நான்கு விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. நூல் இருந்த இடத்தில் சின்னச் சின்னக் கறுப்பு மணிகள்.

அக்கா அந்தப் பிளவுக்குள் விரலை விட்டார். ஃபெல்ட் தட்டுப்பட்டது. மேலாக லேசாகப் பழுப்பேறியிருந்தது. கையைப் புரட்டி உள்பக்கம் பார்த்தார். லைனிங்கில் ஒரு கறையும் இல்லை. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். வெளித்துணியின் தையலும் ஃபெல்ட்டின் தையலும் ஒரே கோட்டில் வரவில்லை. ஃபெல்ட்டைத் தைத்தவர் தையலை அரை அங்குலம் தள்ளிப் போட்டிருந்தார். வெளியே வாய் திறந்த இடத்துக்கு நேர் கீழே முழு ஃபெல்ட் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்திருந்தால் சூடு நேராகச் சதைக்குப் போயிருக்கும்.

"தம்பி, உங்க கையக் காட்டுங்க" என்றார்.

ஆதவன் ஒன்றும் புரியாமல் கையை நீட்டினார். ஒரு சிவப்புத் தடம் கூட இல்லை. "காலையில தெறிச்சுச்சுக்கா. கொஞ்சம் கதகதன்னு இருந்துச்சு, அவ்வளவுதான். ஏன், என்னாச்சு?"

மிரண்டா அக்கா சொன்னார். நூலைப் பற்றி, தட்டைப் பற்றி, வெள்ளிக்கிழமை மதியத்தைப் பற்றி, எல்லாம் நின்றுகொண்டே சொன்னார். கவிப்ரியா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

ஆதவன் பிளந்த தையலைப் பார்த்தார். விரலை விட்டுப் பார்த்தார். பிறகு சட்டென்று குரலை உயர்த்தினார். "ஏங்க்கா, பாத்துப் போட மாட்டீங்களா? நாங்க இத நம்பித்தானே போயி நிக்கிறோம்? எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு!"

கேண்டீனே திரும்பிப் பார்த்தது. ரவூப் பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மிரண்டா அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். "அவரு சொல்றது சரிதானே பாய். சொல்லட்டும்."

ஆதவன் எழுந்து வெளியே போய்விட்டார். ஐந்து நிமிஷம் கழித்து முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். மிரண்டா அக்கா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆதவன் அவரைப் பார்த்தார். "காலையிலேர்ந்து ஏதாச்சும் சாப்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல தம்பி."

"உக்காருங்க." போய் ஒரு தட்டில் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், வாங்கிவந்து முன்னால் வைத்தார். "சாப்புடுங்கக்கா. நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் நாளைக்கும் அதே கையோடதானே போயி நிப்பேன்."

ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டதாக அக்கா சொன்னார். அந்தச் சோற்றின் சுவை இன்னும் நாக்கில் இருக்கிறதாம்.

அன்று மதியம் ஸ்டோர் அறையிலேயே உட்கார்ந்து மற்ற பதிமூன்றையும் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு துளி நூல் எடுத்து லைட்டரில் காட்டிப் பார்த்ததில் எட்டில் தப்பு நூல் இருந்தது. ஆதவனுடையதோடு ஒன்பது. எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள்.

கடைக்குத் திரும்பியதும் மிரண்டா அக்கா ஆதவனின் ஜாக்கெட்டைத் தனியாக எடுத்து உள்பக்கம் வெளியே திருப்பினார். ஃபெல்ட்டை யார் தைத்திருப்பார் என்று பார்த்தார். ஜாக்கெட்டைச் செய்த இடத்திலேயே போட்ட முதல் தையல் அது, பழுது பார்த்தது இல்லை. அங்குலத்துக்குப் பத்துத் தையல், ஒன்று கூடாமல் குறையாமல். ஒவ்வொரு முனையிலும் மூன்று முறை பின்தையல். யாரும் பார்க்கப்போகாத இடம். அங்கே இவ்வளவு சுத்தம். பக்கத் தையலில் விரல்நகம் அளவு துணிச்சீட்டு ஒன்று இருந்தது. அதில் 27 என்ற எண் மட்டும். கவிப்ரியாவிடம் போனில் கேட்டார். அது ஏதோ வெளிநாட்டு ஆலையில் தைத்தவருக்கோ சோதித்தவருக்கோ கொடுத்த எண்ணாக இருக்கும், யாரென்று கண்டுபிடிக்க முடியாது ஆன்ட்டி என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிரண்டா அக்காவும் டெரன்ஸும் ஓஃபிர் ரோட்டில் லூர்து மாதா கோயிலுக்குப் போனார்கள். தமிழ்ப் பூசை முடிந்ததும் அக்கா அலுவலகத்துக்குப் போய் நன்றிப் பூசைக்குச் சீட்டு எழுதக் கேட்டார். அங்கே இருந்த வயதான தொண்டர் பேனாவை எடுத்தார்.

"யார் பேருக்குமா?"

"பேர் தெரியல. ஒரு தையல்காரருக்குன்னு போடுங்க."

தொண்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உயிரோட இருக்காங்களா, இறந்துட்டாங்களா? அது போடணும்மா."

மிரண்டா அக்கா டெரன்ஸைப் பார்த்தார். டெரன்ஸ், "உயிரோட இருக்காங்கன்னு போடுங்க ஐயா" என்றார். "நல்லா இருக்கட்டும்."

எந்த ஊரோ, என்ன மதமோ, ஆணோ பெண்ணோ தெரியாத ஒருவருக்காக அந்தக் கோயிலில் ஒரு நன்றிப் பூசை நடந்தது. பாதிரியார் பீடத்தில் வாசிக்கும்போது, "ஒரு தையல்காரருக்கு நன்றியாக" என்று வாசித்தாராம். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் மிரண்டா அக்காவைத் தொட்டு, "உனக்காகவா?" என்று கேட்டாராம். "எனக்காக இல்ல" என்று சொல்வதற்குள் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

நன்றிப் பூசையோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. ஆலை நடந்ததை அறிக்கையாகக் கேட்டது. ரவூப் பாய், "ஊழியர்னு மட்டும் போட்டுறலாம்கா, பேரு வேணாம்" என்றார். அக்கா கேட்கவில்லை. அவரே தன் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். விசாரணை முடியும் வரை அந்த ஆலை நான்கு மாதம் கடைக்கு வேலை அனுப்பவில்லை.

தப்பு தெரிந்த அந்த வாரக் கடைசியிலேயே வேலையை விட்டுவிடுவதாக ரவூப் பாயிடம் சொன்னார்.

"எதுக்கு?" என்றார் ரவூப் பாய். "ரெண்டு நூலையும் ஒரே தட்டுல வச்சது யாரு? நான். எடம் பத்தலன்னு நான்தான் வச்சேன். அப்ப நானும் கடைய மூடணும். நூல வெட்டுற சத்தத்துலயே தப்பக் கண்டுபிடிக்கிற ஆளு எனக்கு வேற எங்க கெடைக்கும் சொல்லுங்க? போங்கக்கா, போயி மெஷின்ல உக்காருங்க."

அன்றைக்கே ஒரு இரும்பு அலமாரி வாங்கி, அராமிட் நூலை மட்டும் அதில் வைத்துப் பூட்டி, சாவியை அக்காவிடம் கொடுத்தார். புதுக் கண்டு எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டை எரித்துப் பார்த்து, அந்தக் கரியை ஜாக்கெட்டின் எண்ணோடு ஒரு நோட்டில் ஒட்ட வேண்டும் என்று அக்காவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். அந்த நோட்டு இன்றைக்கும் நடக்கிறது.

ஆனால் மெஷினில் உட்கார்ந்தால் தைக்க வரவில்லை. மிதியை அழுத்தினால் ஊசி ஓடத் தொடங்கும் முன்னே காலை எடுத்துவிடுவார். இரண்டு வாரம் பட்டன் தைத்தார், பழைய தையலைப் பிரித்தார், அவ்வளவுதான். டெரன்ஸ் அப்போது பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். காலை ஷிஃப்டு முடிந்து மாலையில் ஜாலான் புசாருக்கே வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போவார். ரயிலில் எதுவும் கேட்க மாட்டார். வீட்டுக்கு வந்து அவரே சமைப்பார். "அந்த ரெண்டு வாரத்துல அவரு ஒரு அட்வைஸும் பண்ணல. அதுக்கே அவருக்குக் கோயில் கட்டணும்" என்று அக்கா சொன்னபோது, டெரன்ஸ் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. காது மட்டும் சிவந்தது.

மூன்றாவது ஞாயிறு, பூசை முடிந்து அக்கா கடையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோது ஆதவன் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவுக்கு வருகிற வழக்கம் அவருக்கு உண்டு. சிராங்கூன் ரோட்டிலிருந்து நடந்து, வழி கேட்டுக் கேட்டுக் கடையைக் கண்டுபிடித்து, படியேறி வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு சாதாரண பருத்திப் பேண்ட், முழங்காலில் கிழிசல்.

"இதத் தைச்சுக் குடுங்கக்கா."

மிரண்டா அக்கா பேண்ட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "தம்பி, தேக்காவுல இதுக்கு நெறைய கடை இருக்கு."

"இருக்கு. நான் உங்ககிட்ட தைக்கலாம்னு வந்தேன்."

"எந்த நூல் போடுறேன்னு பாத்துக்கிறீங்களா?"

ஆதவன் சிரித்துவிட்டார். "இதுக்கு எந்த நூல்னாலும் போடுங்கக்கா. இதப் போட்டுட்டு நான் பிரியாணி திங்கத்தான் போறேன். உலைக்கா போறேன்?"

அக்காவும் சிரித்தார். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே ஊசியில் நூலைக் கோத்து, கிழிசலின் அடியில் ஒரு துண்டு வைத்து, மிதியை அழுத்தினார். தைத்து முடித்து நூலைக் கத்தரித்த பிறகுதான் மிதியிலிருந்து ஒரு முறை கூடக் காலை எடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆதவன் எவ்வளவு என்று கேட்டார். அக்கா முறைத்த முறையில் வாயை மூடிக்கொண்டு பேண்ட்டை வாங்கிக்கொண்டு போனார்.

மார்ச் மாதம் ஆலையிலிருந்து மறுபடி வேலை வந்தது. கவிப்ரியா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பழுதுபார்க்கிறவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆலைக்கே வந்து, எல்லா ஜாக்கெட்டையும் போட்டிருப்பவர் முன்னாலேயே சோதிக்க வேண்டும். ரவூப் பாய்க்கு ஒரு நாள் வேலை போகிறதே என்று தயக்கம். மிரண்டா அக்காவுக்குச் சந்தோஷம்.

முதல் முறை போனபோது கவிப்ரியா, "ஆன்ட்டி, இன்னைக்கு ஊத்துறாங்க. பாக்குறீங்களா?" என்று கேட்டார். அக்கா அதுவரை பார்த்ததே இல்லை. பதினோரு வருஷத்துக்கும் மேலாக அந்த ஜாக்கெட்டுகளை மேசையில் பரப்பியும், மடியில் போட்டும், ஆணியில் மாட்டியும்தான் பார்த்திருக்கிறார். ஆள் உள்ளே இருக்கும்போது, நெருப்புக்கு முன்னால் பார்த்தது கிடையாது.

தடித்த கண்ணாடிக்குப் பின்னால் நிற்கவைத்தார்கள். உருகிய உலோகம் நிறைந்த பெரிய கலம் மெல்லச் சாய்ந்தது. வெண்கலம் தண்ணீர் போல, ஆனால் தண்ணீரை விடக் கனமாக, கண் கூசும் மஞ்சளில் இறங்கியது. நான்கு பேர் அதைச் சுற்றி நின்றார்கள். முகமூடி போட்டிருந்ததால் யார் யாரென்று தெரியவில்லை. பொறிகள் பறந்து கைகளில், மார்பில், தோளில் விழுந்து உருண்டு தரையில் போயின. நால்வரும் அசையவில்லை. மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பவர்கள் போல நின்றார்கள். மிரண்டா அக்காவின் கண் முதலில் தையல்களைத் தேடியது. கொஞ்ச நேரத்தில் அதை மறந்து மனிதர்களைப் பார்க்க ஆரம்பித்தது.

ஊற்றி முடித்ததும் ஆதவன் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். தலையிலிருந்து வேர்வை வழிந்தது.

"எப்படிக்கா இருந்துச்சு? பயந்துட்டீங்களா?"

"பயமாத்தான் இருந்துச்சு" என்றார் அக்கா. "அழகாவும் இருந்துச்சு தம்பி. இவ்வளவு அழகா இருக்கும்னு யாரும் எங்கிட்ட சொல்லவே இல்ல."

ஆதவன் உள்ளே திரும்பிப் பார்த்தார். அச்சுக்குள் வெண்கலம் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறிக்கொண்டிருந்தது. "நானும் முதல்நாள் அப்படித்தான் நெனச்சேன்" என்றார்.

கவிப்ரியா கேண்டீனிலிருந்து மூன்று தே ஓ பெங், பால் இல்லாத ஐஸ் தேநீர், வாங்கிவந்தார். பட்டறைக்கு வெளியே ஒரு கண்டெய்னரின் நிழல் விழுந்திருந்தது. மூவரும் அங்கே நின்று, ஐஸ் கரைவதற்குள் குடித்து முடித்தார்கள். பிறகு அக்கா ஜாக்கெட்டுகளைப் பார்க்க உள்ளே போனார்.